முகப்புத் தூண்

கோவளம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஓய்வுபெற்றவர்களுக்கென்று கட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வரவேற்புக் கூடத்தில் நான்கு பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. ஒருவர் கட்டிப்பிடித்தால் இரண்டு கை விரல்களும் சரியாகத் தொட்டுக்கொள்ளும் பருமன். அடியில் கருங்கல் பாதம், தலையில் இலைக்கொடி செதுக்கிய போதிகை. அண்ணாந்து பார்த்தால் போதிகைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரல்கடை வெளிச்சம் தெரிகிறது. கட்டடத்தைத் தாங்குவதெல்லாம் சுவருக்குள் ஒளிந்திருக்கும் கான்கிரீட் தூண்கள். இவை நான்கும் சும்மா நிற்கின்றன. ஓய்வுபெற்றவர்கள் இருக்கும் இடம்தானே, தூணும் ஓய்வு வாங்கிக்கொண்டது போலிருக்கிறது என்று முதல்நாள் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

நான் போனது நண்பனின் தாயாரைப் பார்க்க. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீட்டு ஆச்சி, எண்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். விற்பனைக்காக அச்சிட்ட வழவழப்பான புத்தகத்தில் இந்தக் கட்டடம் நெய்தல் நிலத்தோடும் செட்டிநாட்டு மரபோடும் இயைந்தது என்ற பொருளில் நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துத்தான் பிள்ளைகள் வாங்கினார்கள். ஆச்சி புத்தகத்தைப் படிக்கவில்லை. குடிவந்த அன்று தூணில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவிப் பார்த்தாராம்.

"இது முகப்புத் தூணு" என்றார் என்னிடம். "வளவுத் தூணுன்னா இம்புட்டுப் பருமனாப் போட மாட்டாக. ஊருல நாலு பேரு பாக்குற எடத்துலதான் இத நிறுத்துவாக."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, தூண் அங்கே வந்து சேர்ந்த வழியைப் பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. இந்த மரம் எந்தக் காட்டில் முளைத்தது, யார் கோடரி பட்டது என்று ஒரு தனித்தூணுக்குச் சாதகம் கணிக்க எவராலும் ஆகாது. ஆனால் பர்மாத் தேக்கு நம் ஊருக்கு வந்த பாதை நன்றாகப் பதிவான பாதை. அதில் போனால் இந்தத் தூணை எங்காவது சந்தித்துவிடலாம்.

பெயர் இங்கிருந்துதான் போனது. தமிழும் மலையாளமும் சொன்ன தேக்கு, போர்த்துக்கீசியர் வாயில் தெக்கா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆயிற்று. மரமும் முதலில் இங்கிருந்தே போனது. ஓக் மரத்துத் துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும், தேக்கு அரிக்காது. அதில் ஊறியிருக்கும் எண்ணெய் கரையானையும் ஈரத்தையும் அண்ட விடாது. கப்பல் கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மும்பையில் மலபார்த் தேக்கைக் கொண்டு கட்டி 1817-இல் கடலில் இறக்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்னும் மிதக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி, நம் திருகோணமலைதான். இப்படிக் கப்பலாகவே போய் மேற்குமலைப் பெருமரங்கள் அருகின. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் என்ற அலுவலரைக் கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட வேண்டியதாயிற்று. நட்ட கன்று பெருமரமாக இரண்டு தலைமுறை ஆகும். கோடரிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அது வங்கக் கடலைத் தாண்டியது.

முதல் ஆங்கில–பர்மியப் போர் 1826-இல் முடிந்தபோது தெனாசரிம் கரை பிரித்தானியர் கைக்கு வந்தது. சால்வீன் ஆற்றின் வாயில் இருந்த மௌல்மெய்ன் மரக்கிட்டங்கியும் கப்பல் பட்டறையுமாகப் பெருத்தது. 1856-இல் பெகு காடுகளைப் பார்த்துக்கொள்ள டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் வந்தார். கரேன் மக்கள் மலைச்சரிவில் காட்டை எரித்து நெல் விதைப்பதைப் பார்த்து, அதே புனத்தில் நெல்லோடு தேக்கையும் விதைக்கச் செய்தார். அறுவடை முடிந்து அவர்கள் அடுத்த சரிவுக்குப் போய்விடுவார்கள். தேக்கு நின்று வளரும். 'தௌங்யா' என்ற அந்த முறைக்குக் காட்டியல் பாடத்தில் பெரிய பெயர். உழைப்பு கரேன்களுடையது, பெயர் பிராண்டிஸுடையது.

தேக்கை வெட்டுவதற்கு முன் நிற்க வைத்தே கொல்வார்கள். அடிமரத்தைச் சுற்றி வைரம் தெரியும்வரை ஒரு வளையம் கொத்திவிட்டால் சாறு மேலேறாது. இலை உதிர்ந்து, மரம் நின்ற நிலையிலேயே மூன்று வருடம்போல் காயும். பச்சைத் தேக்கு நீரில் முங்கிவிடும், காய்ந்ததுதான் மிதக்கும், காரியம் அவ்வளவே. பிறகு வெட்டிச் சாய்த்து, தலைமாட்டில் சுத்தியலால் கம்பெனி முத்திரை அடித்து, யானையைக் கட்டி ஓடைப் படுகைக்கு இழுத்துப் போடுவார்கள். மழை வந்து ஓடை பெருகினால்தான் அடுத்த பயணம். அந்த வருடம் வெள்ளம் குறைவென்றால் மரம் பாறையிடுக்கில் அடுத்த மழைக்காலம்வரை கிடக்கும். பேராற்றுக்கு வந்தபின் தெப்பமாகக் கட்டி இரங்கூனுக்கோ மௌல்மெய்னுக்கோ ஓட்டுவார்கள். கொத்திய வளையத்திலிருந்து ஆலை ரம்பம்வரை வருவதற்குள் பல வருடங்கள் போய்விடும். நம் தூண் மற்ற எந்தப் பயணத்திலும் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மரக்கணக்கில் ஒரு ராஜ்யமே போனது. வெட்டிய மரத்தைக் குறைத்துக் காட்டியதாக பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு மாந்தலேயின் மந்திரி சபை பெரும் அபராதம் விதித்தது. அதைக் காரணம் காட்டி 1885 நவம்பரில் ஆங்கிலப் படை ஐராவதி வழியாக ஏறி அரண்மனையைப் பிடித்தது. மன்னர் தீபாவைக் கப்பலேற்றி முதலில் கொண்டுவந்து வைத்தது சென்னையில். சில மாதம் கழித்துத்தான் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். அரசனும் மரமும் ஒரே கடலைத் தாண்டி ஒரே கரைக்கு வந்திருக்கிறார்கள். மரத்துக்கு இங்கே நல்ல இடம் கிடைத்தது.

அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள். தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. கடல் ஊருக்குள் புகுந்ததால் உள்நாட்டுக்குப் பெயர்ந்தோம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். சோழ மன்னனோடு வந்த பிணக்கு என்று இன்னொரு கதை. எது உண்மையோ, வறண்ட செம்மண் பூமியில் ஆளுயரத்துக்கு மேடை எழுப்பி அதன்மேல் வீடு கட்டியதற்கு அந்தப் பழைய வெள்ளத்தின் நினைவையே காரணம் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. கடலுக்குப் பயந்து விலகிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சமூகம் பிழைப்புக்கு மறுபடி கடலைத்தான் தாண்டியது. 'கொண்டுவிக்கப் போவது' என்று அதற்குப் பெயர்.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் விலை வந்ததும் ஐராவதி வண்டல் முழுக்க நெல்வயலானது. காடழித்து வயலாக்கும் குடியானவனுக்கு ஆங்கில வங்கி கடன் கொடுக்காது, செட்டியார் கொடுத்தார். அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு 1930-இல், பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1,650 என்றும் அவற்றில் புழங்கும் பணம் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புகிறவர்களின் பணம் வீடாக எழுந்தது. இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் நடுவில் கட்டியவை. இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, இலங்கை முதிரை எல்லாம் வந்தன. தேக்கு மட்டும் மலையாக வந்தது. கப்பலிலிருந்து இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, தச்சன் கையில் கொடுத்து, உருட்டிக் கடைந்து, கரையான் ஏறாதபடி கல் பாதத்தின் மேல் நிறுத்தினார்கள். நம் தூணின் உத்தியோகம் அன்று தொடங்கியது.

தூண் என்ன வேலை பார்த்தது என்பதைவிட எந்த வீட்டில் பார்த்தது என்பது முக்கியம். தெருவிலிருந்து ஏறினால் முகப்பு. இருபுறமும் திண்ணை, வழவழப்பாகச் சுண்ணாம்புப் பூச்சு; கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளை எல்லாம் அந்தப் பூச்சுக்குள் போயிருக்கும். ஆண்கள் கணக்குப் பார்ப்பதும் வட்டி பேசுவதும் அங்கே. அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். முற்றத்துக்குள் நாலு பக்கத்துக் கூரை நீரும் இறங்கும். நெல்லும் வற்றலும் அங்கே காயும். உள்ளே சூடேறும் காற்று முற்றத்து வழியே மேலே போக, வாசலிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, சமையல் கட்டு, கிணறு, பின்தெருவுக்கு ஒரு கதவு.

வெளியூர்க்காரர்கள் இந்த அறைகளைப் பார்த்து, இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு சின்ன அறையா என்று கேட்பார்கள். அறை படுப்பதற்கு என்று கட்டியதல்ல. மணமான ஒவ்வொரு மகனுக்கும் உள்வீடு, வெளிவீடு என்று ஓர் இரட்டை அறை பாத்தியம். சீர் சாமான், பாத்திரம், பெட்டி எல்லாம் அதற்குள். நகரத்தார் கணக்கில் மணமான ஆண் ஒரு புள்ளி. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அந்தப் புள்ளியை 'வேறு வைப்பார்கள்'. தனிக்குடித்தனம்தான், ஆனால் வீட்டைவிட்டுப் போவதில்லை. அதே கூரை, அதே முற்றம், அதே கிணறு. அடுப்பும் செலவும் மட்டும் தனி. ஒரு வீட்டுக்குள் ஏழெட்டு அடுப்பு எரியும். விசேஷம் என்றால் எல்லா அடுப்பும் ஒன்றாகும். யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது வாசனையில் தெரியும். கேட்க வேண்டியதில்லை, கேட்பதும் அழகில்லை.

யோசித்துப் பார்த்தால், இன்றைய முதியோர் குடியிருப்பு எதைத் தேடி அலைகிறதோ அதை இவர்கள் எப்போதோ கட்டி வைத்திருக்கிறார்கள். தனக்கென்று ஒரு கதவு, ஒரு அடுப்பு. கதவைத் திறந்தால் மனித முகம். விழுந்தால் கூப்பிடு தூரத்தில் ஆள். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அவள் நடமாட்டம் கண்ணில் படும். வயதான காலத்தில் இதற்கு மேல் கட்டடக் கலையிடம் கேட்பதற்கு அதிகமில்லை என்பது என் எண்ணம்.

தூண் அங்கே நின்றது அறுபது எழுபது வருடமாவது இருக்கும். அதில் எத்தனை வருடம் வீட்டில் ஆள் இருந்தது என்பது வேறு கணக்கு. 1930-க்குப் பின் நெல்விலை விழுந்தது. கடன் திரும்பாத குடியானவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த அவர்கள் நிலம் 1937-இல் இருபத்தைந்து பங்கானது. பணமாக இருக்கும்வரை தூக்கிக்கொண்டு வரலாம், நிலமாக ஆனதைத் தூக்க முடியாது. நிலம் இழந்த பர்மியர்களின் கோபமும் நியாயமானதே. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். விடுதலைக்குப் பின் நில உடைமைச் சட்டம் வந்தது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு வருடத்தில் வங்கியும் கடையும் அரசுடைமையாயின. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் திரும்பினார்கள். அப்படி வந்தவர்களின் கடைகள்தான் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் ஆயின.

வீடுகள் பூட்டிக்கொண்டன. நல்லது கெட்டதுக்கு மட்டும் திறக்கும் வீட்டைக் கூரை முதலில் கைவிடும். ஒரு ஓடு நகர்ந்தால் போதும், மழை உத்தரத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். பங்காளிகள் நாலு தலைமுறையில் நாற்பது பேர். ஓடு மாற்ற ஒருவர் பணம் கொடுப்பார், ஒருவர் கொடுக்க மாட்டார், ஒருவர் தொலைபேசியையே எடுக்க மாட்டார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் ஒரே தாள், வீட்டை மரத்துக்கு விற்கும் தாள். மரம்தான் விலை. இடிக்கும் ஆட்கள் மேலிருந்து கீழாகக் கழற்றுவார்கள்: ஓடு, கைமரம், உத்தரம், போதிகை, பிறகு தூண். சுண்ணாம்புப் பூச்சை யாராலும் உரித்து எடுத்துப்போக முடியாது. அது அங்கேயே கிடக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நான் ஒரு பகல் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். சுவீடன் எனாமல் தூக்குச் சட்டி, ரவிவர்மா அச்சுப்படம், மூக்கு உடைந்த மரக்குதிரை, யாரோ ஒரு மணமக்களின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் சட்டத்தோடு. சட்டத்துக்கு விலை, புகைப்படத்துக்கு இல்லை. வேண்டாமென்றால் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றார் கடைக்காரர். தூண்களைப் படுக்கப் போட்டிருந்தார்கள். படுத்த தூணைப் பார்ப்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒன்றில், ஆள் உட்கார்ந்தால் முதுகு சாயும் உயரத்தில், எண்ணெய்க் கறை பளபளவென்று ஏறியிருந்தது. எத்தனை பேரின் தலையெண்ணெயோ! வாங்குகிறவர்கள் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாக மெருகேற்றித்தான் நிறுத்துவார்கள் என்று சொன்னார். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் அதன் பாட்டுக்கு இருக்கிறது. லாரி அதன் பாட்டுக்குப் போகிறது.

அந்த லாரிகளில் சில கடற்கரைச் சாலைக்கு வருகின்றன.

கடலோரத்தில் கட்டுவது மற்ற இடத்தில் கட்டுவது போலல்ல. உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளை வழியே புகுந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பருமன் அதிகம்; உள்ளிருந்து உப்பி, மேல்பூச்சைப் பிளந்து தள்ளும். அதனால்தான் இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456, சாதாரண இடத்தில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும் என்றும், கடற்கரைச் சூழலில் 45 வேண்டும் என்றும், கடல்நீர்த் திவலை நேராகத் தெறிக்கும் இடத்தில் 50 என்றும் சொல்கிறது. தேக்குக்கு இந்தக் கவலையில்லை. கப்பலாக இருந்து பழகிய சாதி அது. வேடிக்கை என்னவென்றால், உப்பைத் தாங்கத் தெரிந்த மரம் குளிர்சாதனக் கூடத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. தாங்கத் தெரியாத இரும்பு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கரையின் நிலத்தை அறிந்தவர்கள் வேறு மாதிரிக் கட்டியிருப்பார்கள். மீனவக் குப்பங்கள் பலவும் மணல்மேட்டுக்குப் பின்னால்தான் ஒதுங்கியிருந்தன. மேட்டில் தாழையும் அடம்பும் மணலைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை வெட்டிச் சமன்செய்துவிட்டுப் புல்தரை போடுவதைத்தான் இன்று நிலக்காட்சி வடிவமைப்பு என்கிறோம். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று நாலு காற்றுக்கும் மீனவர்களிடம் பெயர் உண்டு. கோடைப் பகலில் கடல்காற்று நுழைந்துவிட்டால் வெயிலின் உக்கிரம் தணிந்துவிடும். அது வரும் வழியில் ஒரு திறப்பும் போகும் வழியில் ஒரு திறப்பும் விடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வளவு அதைத்தான் செய்தது. ஆனால் ஆச்சியின் குடியிருப்பில், நடுவே ஒரு நீள நடை, இருபுறமும் வீட்டுக் கதவுகள். பகலிலும் விளக்கெரியும் நடை அது. ஒரு கதவு திறந்திருப்பதை நான் பார்த்ததில்லை. மருத்துவமனை நடைகளில்கூட இதைவிட ஆள் நடமாட்டம் உண்டு.

மரபிலிருந்து எடுத்துவந்தவை சரியாகத் தப்பானவை. ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கும் அருமையான கல், எண்ணெய் போட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம். ஈரம் பட்டால் எண்பது வயதுக் காலுக்கு எமன். பழைய வாசல் ஒன்றை நிலையோடு பெயர்த்து நூலக அறைக்கு வைத்தார்கள். அதன் நிலைப்படி முக்கால் சாண் உயரம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பேராசிரியர் அந்த நூலகத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறார். வழுக்காத தரை, சாய்தளம், கைப்பிடி என்றெல்லாம் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வு இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இங்கே வாசலில் ஒழுங்காகவே இருக்கிறது. உள்ளே வந்தபிறகுதான் செட்டிநாடு.

இடம்பெயர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே சாலையில் முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா இருக்கிறது. தமிழ்நாட்டு, கேரள வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். லாரி பேக்கர் திட்டம் வரைந்தார். அங்கே தூணுக்கு மேல் உத்தரம் இருக்கிறது, உத்தரத்துக்கு மேல் ஓடு இருக்கிறது. மத்தியான வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து டிபன் டப்பா திறப்பதைப் பார்க்கலாம்.

இலங்கையில் நடந்தது இன்னும் பிடிவாதமான கதை. பொலிஸ் மா அதிபராக இருந்து 1959-இல் பதவி நீங்கிய ஒஸ்மண்ட் டி சில்வாவுக்கும் பாத்திக் துணிக் கலைஞரான அவர் மனைவி ஈனாவுக்கும் கொழும்பு அல்பிரட் பிளேசில் ஜெஃப்ரி பாவா ஒரு வீடு கட்டினார். அதுவும் பணி ஓய்வுக்கால வீடுதான். ஈனாவின் கண்டிப் பூர்வீகத்து முற்றவீட்டை எடுத்து, 1960களின் நகரத்து மனைக்குள் மடித்து வைத்த வீடு. கருங்கல் பாதத்தில் முதிரைத் தூண்கள், சுற்றிலும் மதில், எல்லா அறையும் உள்முற்றம் பார்த்தவை. பிற்காலத்தில் அந்த மனை விற்பனைக்கு வந்தபோது, கல்லையும் மரத்தையும் எண் போட்டுக் கழற்றி, பாவாவின் பெந்தோட்டைத் தோட்டமான லுணுகங்கைக்குக் கொண்டுபோய், அமிலா டி மெல் என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் திரும்ப எழுப்பினார்கள். 2016-இல் முடிந்தது. தூணோடு, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த காலியிடத்தையும் அவர்கள் எடுத்துப்போனார்கள். லாரியில் ஏற்ற முடியாத சரக்கு அது. வரைபடத்தில்தான் ஏற்ற வேண்டும்.

இதையெல்லாம் ஒருநாள் ஆச்சியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். தூணை மட்டும் எடுத்துக்கொண்டு வளவை விட்டுவிட்டார்கள், வேறுவைப்பின் அறிவை விட்டுவிட்டார்கள் என்று கொஞ்சம் சூடாகவே பேசினேன். ஆச்சி தூணுக்கு அருகே நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளின் ராசிபலன் பக்கத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வளவு வளவுங்கறியே. அம்பத்தோரு வருசம் அதுலதான் கெடந்தேன். முகப்புப் பக்கம் பொம்பளைக போய் உக்காரப்படாது. யாராச்சும் வந்தாக் கதவுக்குப் பின்னாடி நின்னுதான் பேசணும். எங்க மாமியா சாகுற வரைக்கும் முகப்புல உக்காந்ததில்ல. நான் இங்கன வந்துதாம்ப்பா முகப்புத் தூணுல சாஞ்சு பேப்பர் படிக்கிறேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படுத்திருந்த அந்தத் தூணின் எண்ணெய்க் கறை நினைவுக்கு வந்தது. எத்தனை பேரின் தலையெண்ணெயோ என்று நான் உருகியபோது, அத்தனையும் ஆண்களுடையது என்பது தோன்றவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் ஆச்சி. "காத்து மட்டும் வரமாட்டேங்குது."

காலையில் அந்தக் கூடத்தில் நல்ல வெளிச்சம். பத்திரிகை படிக்க ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அங்கே ஒருவரும் இருப்பதில்லை. கட்டடத்தின் பின்புறம், ஜெனரேட்டர் அறைக்கும் துணி உலர்த்தும் இடத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. வரைபடத்தில் அதற்குப் பெயர்கூட இல்லை. கடல்காற்று அதன் வழியாகத்தான் போகிறது. எப்படியோ அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டு, ஒருவர் பட்டாணி உரிக்க, ஒருவர் மருந்துச் சீட்டைக் காட்ட, இருட்டும்வரை இருக்கிறார்கள். சக்கர நாற்காலிப் பேராசிரியரும் வருகிறார். அங்கே படியில்லை.

போன மாதம் ஆச்சி ஒரு மனு எழுதச் சொன்னார். வரவேற்புக் கூடத்தின் கிழக்குக் கண்ணாடிச் சுவரில் பாதியையாவது எடுத்துவிட்டு, நேர் எதிரே மேற்கில் ஒரு சன்னல் திறக்க வேண்டும் என்பது கோரிக்கை. பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். நிர்வாகத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது: கண்ணாடியை எடுத்தால் உப்புக்காற்று உள்ளே வந்து தூண்களின் மெருகு கெட்டுவிடும்.

ஆச்சி என்னை இன்னொரு தாள் எடுக்கச் சொன்னார். "எழுதுப்பா. அது கப்பல் மரம், உப்பு ஒண்ணும் பண்ணாது. மெருகு போனா நாங்களே எண்ணெய் போட்டுத் தொடச்சுக்கிறோம்னு எழுது."

இரண்டாவது மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை.